இடிக்குரல் கேட்க வந்த மன்னிப்பு

வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டிருப்பவளிடம் யாரும் பதில் எதிர்பார்க்க மாட்டார்கள். அதனால்தானோ என்னவோ, அந்த ரெடிமேட் கடையின் பின்மூலையில், உடை மாற்றும் அறைகளை ஒட்டித் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கும் ஆல்டரேஷன் அக்காவிடம் ஊரே வந்து மனசைக் கொட்டியது. பேன்ட்டின் நீளத்தைக் குறைக்க வந்தவன் தன் மாமனாரைத் திட்டுவான். இடுப்பைப் பிரித்துவிடச் சொல்லி வந்தவள், சாப்பிடுவதே இல்லை, எப்படித்தான் உடம்பு வைக்கிறதோ என்று சத்தியம் செய்வாள். இவள் தரையில் மண்டியிட்டு, மடிப்பைப் பிடித்து, சாக்கட்டியால் கோடு போட்டபடி தலையை மட்டும் ஆட்டுவாள். அந்தத் தலையாட்டலுக்கே அவளுக்கு நல்லவள் என்று பெயர் வந்துவிட்டது.

அன்றைக்கு வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். புதுப் பேன்ட் குதிகாலுக்குக் கீழே புரண்டது. சட்டைப் பையில் ஒரு நடிகரின் படம் போட்ட பேட்ஜ் குத்தியிருந்தார். அந்த முகத்தைப் பார்க்காதது போல அவள் மண்டியிட்டு, முதல் ஊசியைக் குத்தினாள். மேலேயிருந்து ஒரு சொட்டு அவள் புறங்கையில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் ஆள் அழுதுகொண்டிருக்கிறார்.

"அண்ணி," என்றார்.

அவளை அக்கா என்பார்கள், அம்மா என்பார்கள், அவசரக்காரர்கள் "ஏங்க" என்பார்கள். அண்ணி என்று கூப்பிட இந்த உலகத்தில் அவளுக்கு ஒருவரும் கிடையாது. தம்பி உண்டு, கொழுந்தன் இல்லை. இருந்தும் அந்தச் சொல் தன்னைத்தான் கூப்பிடுகிறது என்று அவளுக்கு உடனே தெரிந்தது.

"நான் அண்ணனோட ரசிகர் மன்றத் தலைவர். பேன்ட் எல்லாம் சும்மா அண்ணி, உங்களைப் பாக்கத்தான் வந்தேன். அண்ணன் பேசறாரு. செத்தப்புறம் பேசறாரு. மீடியம் அம்மான்னு ஒருத்தங்க இருக்காங்க, அவங்க உடம்புல வந்து பேசறாரு. ஒவ்வொரு கூட்டத்துலயும் ஒரே பேச்சுதான். ஒரு பொண்ணுக்குத் துரோகம் பண்ணிட்டேன், அவ வாயைத் தொறந்து மன்னிச்சிட்டேன்னு சொல்ற வரைக்கும் எனக்கு நிம்மதி இல்லன்னு சொல்றாரு. விசாரிச்சுப் பாத்தோம். அது நீங்கதான் அண்ணி."

ஊசிகளை எடுத்துவிட்டு அவள் பேசியிருக்கலாம். எடுக்கவில்லை. இன்னொரு காலையும் அளந்து, மடித்து, குத்தினாள். கழற்றிக் கொடுக்கும்படி கையால் சைகை காட்டினாள். மன்றத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உடை மாற்றும் அறைக்குள் போனார். திரும்பி வந்து பேன்ட்டை நீட்டும்போது, "ஞாயித்துக்கிழமை கூட்டம் அண்ணி. நாங்களே வந்து கூட்டிட்டுப் போறோம்," என்றார். வரட்டுமா என்று கேட்கவில்லை. வருவதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

செத்துப்போன நடிகருக்கு ரசிகர்கள் வைத்த பட்டம் இடிக்குரல். திரையில் அவர் வாயைத் திறந்தால் தியேட்டர் நாற்காலி நடுங்கும் என்பார்கள். வில்லனை அடிக்கக்கூட வேண்டாம், "நில்" என்றால் போதும், அவன் பாதி செத்த மாதிரிதான். அந்தக் குரலைக் கேட்டு மயங்கிக் கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்ட பெண்கள் உண்டு. சில மாதங்களுக்கு முன் தூக்கத்திலேயே அவர் இதயம் நின்றுவிட்டது.

அந்த இடி அவருடையது இல்லை என்பதுதான் விஷயம். எப்போதும் இருமல் மிட்டாயைச் சப்பிக்கொண்டிருக்கும் ஒரு ஒல்லி மனிதர், ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்து கொடுத்த குரல் அது. நடிகருக்குத் திக்கும். கொஞ்சநஞ்சமாக இல்லை. கண்டக்டரிடம் இறங்கும் இடத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அந்த இடமே தாண்டிப் போய்விடும். ஆனால் உயரம், முகம், நடை எல்லாம் கடவுள் வஞ்சனையில்லாமல் கொடுத்திருந்தார். சத்தம் இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தால் திக்காது என்பதைக் கண்டுபிடித்த தயாரிப்பாளர், இவரை உதடசைக்க வைத்து இருமல் மிட்டாய்க்காரரைப் பேச வைத்தார். வெளியில் மூச்சு விடக்கூடாது என்று கண்டிஷன். அப்புறம் விழா மேடைகளில் அவர் கையை மட்டும் உயர்த்தினார். அண்ணன் அளந்துதான் பேசுவார் என்று ரசிகர்கள் அதற்கும் கைதட்டினார்கள்.

முன்பு அவர் திக்கிக் கேட்டவர்கள்கூட, வைத்தியத்தில் சரியாகிவிட்டது என்றே நம்பினார்கள். இந்த ரகசியம் தெரிந்தவர்கள் மொத்தம் நாலு பேர். தயாரிப்பாளர் போய்ச் சேர்ந்துவிட்டார். மிட்டாய்க்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வாயைத் தைத்துக்கொண்டார். நடிகரும் இப்போது இல்லை. மிச்சம் இருந்தது ஆல்டரேஷன் அக்கா. அவள்தான் அவருடைய மனைவி. சினிமாவுக்கு முந்தைய மனைவி.

ஒரே அறையில் ஆறு வருஷம் குடும்பம் நடத்தினார்கள். அடுப்பு ஒரு மூலை, மெஷின் ஒரு மூலை, மிச்சமிருந்த இடத்தில் இரண்டு பேரும். அவள் தைத்தாள், அவர் வாய்ப்புத் தேடி அலைந்தார். முதல் படம் ஓட ஆரம்பித்த சமயம், ஒரு நாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பத்திரிகைக்காரர் வந்து நின்றார். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரை சோப்பு. பத்திரிகைக்காரர் அவளைப் பார்த்துவிட்டு, "இவங்க யாருங்க?" என்று கேட்டார்.

கணவர் அவளைப் பார்த்தார். அவள் காத்திருந்தாள். 'மனைவி' என்று சொல்ல அவருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். பத்திரிகைக்காரர் பொறுமை இழந்துவிடக் கூடாதே என்பதுதான் அவள் கவலையாக இருந்தது.

"வீட்டு வேலைக்கு இருக்கறவங்க," என்றார்.

ஒரு இடத்தில்கூடத் தட்டவில்லை. அவர் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம் அப்படி வழுக்கிக்கொண்டு வந்து அந்த ஆறு வருஷத்தில் அவள் கேட்டதில்லை. அதைவிடக் கேவலம், அவள் கையைக் கழுவிக்கொண்டு, வீட்டு வேலைக்காரி செய்வது போலவே இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்ததுதான். அந்தத் தண்ணீரை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு கூசும்.

அந்த வாரமே தம்பி வீட்டுக்கு வந்துவிட்டாள். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவருக்கு உண்மைதான் திக்கும், பொய் திக்காது என்று அவளாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அது சரியா தப்பா, யாரிடம் கேட்பது? ஆனால் அதை வைத்துக்கொண்டுதான் காத்திருந்தாள். என்றைக்காவது ஒரு நாள் வந்து வாசலில் நின்று, கழுத்து நரம்பு புடைக்க, முக்கித் திணறி ஒரு வார்த்தை சொல்வார். திக்கித் திக்கிச் சொன்னால் அது உண்மை. உண்மையாகச் சொன்னால் போதும், மன்னித்துவிடலாம். காசு பணம், பங்களா எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. அவர் வரவில்லை, அவ்வளவுதான்.

தம்பி மனைவிக்கு விஷயம் அவளுக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. அன்று வேலை முடிந்து வீட்டுக்குள் கால் வைத்ததும் போனை நீட்டினாள்.

"அக்கா, உக்காந்து கேளுங்க. எனக்கு ரெண்டு தடவை அழுகை வந்துடுச்சு."

வீடியோவில் ஒரு மேடை. நடுத்தர வயதுப் பெண், வெள்ளைப் புடவை, கண்ணை மூடியிருந்தாள். தலை ஒரு முறை தொங்கி நிமிர்ந்தது. அப்புறம் அந்தத் தொண்டையிலிருந்து இடி கிளம்பியது. "என் உயிரினும் மேலானவளே! நான் செய்த பிழை மலையினும் பெரிது! உன் ஒரு சொல்லுக்காக இருட்டில் நிற்கிறேன்!" சினிமாவில் கேட்ட அதே ஏற்றம், அதே இறக்கம், வாக்கியத்தின் கடைசியில் அதே ஒரு உறுமல். கூட்டம் ஓவென்று அழுதது.

அவள் பக்கென்று சிரித்துவிட்டாள். ஆவி வந்ததெல்லாம் சரி, ஆளை மாற்றிக் கூட்டி வந்துவிட்டார்களே! அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் எங்கேயோ உயிரோடு உட்கார்ந்து மிட்டாய் சப்பிக்கொண்டிருக்கிறார். மீடியம் அம்மா படம் பார்த்து மனப்பாடம் செய்திருக்கிறாள். அந்தக் குரலில் எவ்வளவு தேர்ச்சியோ அவ்வளவு பொய்.

"சிரிக்கறீங்க?" தம்பி மனைவிக்கு முகம் சுண்டிப்போனது. "ஒரு மனுஷன் செத்தும் கெஞ்சறாரு, உங்களுக்குச் சிரிப்பு வருதா அக்கா? கல்லு மனசுதான் உங்களுக்கு."

சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. இது அவர் குரலே இல்லை, அவருக்குத் திக்கும் என்று சொன்னால் ஒரு நொடியில் மீடியத்தின் சாயம் வெளுத்துவிடும். கூடவே அவர் சாயமும் வெளுத்துவிடும். தம்பி மனைவியிடம் சொன்னால் பொழுது விடிவதற்குள் ஊருக்கே தெரியும். செத்தவரைத் தெருவில் நிறுத்தி, ஐயோ இவனுக்குத் திக்குமாமே என்று சிரிப்பார்கள். அவர் பொறுப்பாக அவளிடம் விட்டுப்போனது அந்த ஒன்றைத்தான். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவர் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள். அவர் அவளை வேலைக்காரி ஆக்கினார். அதற்காக இவள் அவரை ஊமையாக்க முடியுமா? வாயை மூடிக்கொண்டு கை கால் கழுவப் போனாள்.

அடுத்த நாளிலிருந்து கடையில் நிம்மதி போயிற்று. பேன்ட் வாங்காதவர்களெல்லாம் பேன்ட் வெட்ட வந்தார்கள். சிலர் அவளைத் தூரத்திலிருந்து போனில் படம் எடுத்தார்கள். ஒரு அம்மாள் அவள் தாடையைத் தொட்டு, "சொல்லிடு கண்ணு, ஒரே ஒரு வார்த்தை. குறைஞ்சா போயிடுவே?" என்றாள். கடை முதலாளி நல்ல மனுஷன்தான், ஆனால் வியாபாரி. "ஒரு எட்டு போய்ச் சொல்லிட்டு வந்துடும்மா. டிரையல் ரூமுக்கு கஸ்டமர் போக முடியல," என்றார். தம்பிகூட, அவளை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவன், சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டு, "எனக்கும் ஆபீஸ்ல கேக்கறாங்கக்கா," என்றான்.

ஒரே ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்று எல்லாருக்கும் அதே பாட்டு. அடுத்த வீட்டில் ஒரு கரண்டி சர்க்கரை கேட்பது போலத்தான் கேட்டார்கள். மன்னிக்க மாட்டேன் என்று அவள் எப்போது சொன்னாள்? இருபது வருஷமாகத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கேட்க வேண்டியவர் வராமல், வேறு யாருடைய குரலோ வந்து கேட்டால் தூக்கிக் கொடுத்துவிட முடியுமா? கொடுத்துவிட்டால் அப்புறம் அது அவளிடம் இருக்காது. அவளிடம் இருந்தது அது ஒன்றுதான்.

மீடியத்தையே பார்த்து, விட்டுவிடச் சொல்லிக் கேட்டுவிடுவது என்று சனிக்கிழமை மத்தியானம் கிளம்பினாள்.

வீடு ஒரு அடுக்குமாடியின் மூன்றாவது மாடியில் இருந்தது. மண்டை ஓடும் சாம்பிராணியும் இருக்கும் என்று நினைத்துப் போனவளுக்கு ஏமாற்றம். துணி காயும் பால்கனி, ஓடாத சுவர்க்கடிகாரம், மேஜை மேல் தொண்டைக்கு ஆவி பிடிக்கும் கருவி. மீடியம் அம்மா நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, கட்டிப்போன குரலில் "வாங்க, உக்காருங்க" என்றாள். ஆண் குரலில் பேசிப் பேசித் தொண்டை புண்ணாகியிருந்தது.

"என்னை விட்டுடச் சொல்லுங்கம்மா," என்றாள் இவள். "வேற எதையாவது பேசச் சொல்லுங்க அந்த ஆவியை. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மீடியம் அம்மா கோபப்படவில்லை. "நான் பேசறேன்னு நினைக்கறீங்களா? எனக்கு வர்றது வருது. கண்ணை மூடினா ஒரு பாரம் இறங்கும். அதுக்கப்புறம் என்ன பேசினேன்னு ஜனங்க சொல்லித்தான் எனக்கே தெரியும். இத்தனை வருஷத்துல நானே பாதி நாள் நம்பமாட்டேன், பாதி நாள் நம்புவேன்." டம்ளரில் வெந்நீரை ஊற்றி அவளிடம் நகர்த்தினாள். "பொய்னு நினைக்கறீங்க. சரி. எதை வெச்சு சொல்றீங்க, அது உங்க வீட்டுக்காரர் இல்லைன்னு?"

உங்க வீட்டுக்காரர். யார் வாயிலிருந்தும் அவளுக்குக் கிடைக்காத சொல். மன்றத் தலைவர் 'அண்ணி' என்று கூப்பிட்டது பாதி வேலையைச் செய்திருந்தது, இது மீதியைச் செய்துவிட்டது. ஊசி இல்லாத வாய் அவளுக்குப் பழக்கமில்லை. திறந்ததும் மூடத் தெரியவில்லை.

"அவருக்குத் திக்கும்மா," என்றாள்.

சொன்னது அது ஒன்றோடு நின்றிருந்தால் தேவலை. இடிக்குரல் யாருடையது, படப்பிடிப்பில் எப்படி உதடசைத்தார், எந்த எழுத்தில் தட்டும், தட்டினால் முகம் எப்படிப் போகும், பத்திரிகைக்காரர், சோப்புக் கை, இரண்டு டம்ளர் தண்ணீர், எல்லாம் கொட்டினாள். அழுதுகொண்டே பேசினாள், பேசிக்கொண்டே மூக்கைச் சிந்தினாள். மீடியம் அம்மா ஒரு இடத்திலும் குறுக்கிடாமல் தலையை மட்டும் ஆட்டினாள். வெந்நீர் ஆறிப்போனது.

முடித்த பிறகுதான் தான் செய்தது அவளுக்கு உறைத்தது. இத்தனை வருஷம் ஒரே ஒரு அடையாளம் வைத்திருந்தாள். வருவது அவரா இல்லையா என்று சொல்ல அவளிடம் இருந்த ஒரே வழி அது. அதை யாரிடம் கொடுக்கவே கூடாதோ அவள் கையிலேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். இனிமேல் இந்தப் பெண் திக்கினாலும் நம்ப முடியாது, திக்காவிட்டாலும் நம்ப முடியாது. கூடவே அவருடைய ரகசியமும் போயிற்று.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா," என்று கையைப் பிடித்தாள்.

"என் பசங்க மேல சத்தியமா சொல்ல மாட்டேன்," என்றாள் மீடியம் அம்மா. சொன்ன விதத்தில் பொய் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. கண்ணை மூடினால் என்ன பேசுவோம் என்று அந்தப் பெண்ணுக்கே தெரியாதே.

ஞாயிற்றுக்கிழமை மன்றத் தலைவர் கார் கொண்டுவந்தார். வர மாட்டேன் என்று சொல்லத்தான் அவள் வாசலுக்கு வந்தாள். தெருவில் நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் தம்பி அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டான், தம்பி மனைவி பட்டுப் புடவையில் முன்சீட்டில் ஏறியாகிவிட்டது. நாலு பேர் இழுக்கும்போது வராமல் நிற்க ஒரு தெம்பு வேண்டும். அது அவளிடம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஏறி உட்கார்ந்தாள்.

வாடகை அரங்கம் நிரம்பி வழிந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரெல்லாம் இடிக்குரலின் படங்கள், மேடையில் இரண்டே இரண்டு நாற்காலி. ஒன்றில் மீடியம் அம்மா, எதிரில் இவளை உட்கார வைத்தார்கள். மன்றத் தலைவர் அவள் வாய்க்கு நேராக ஒரு மைக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். மீடியம் அம்மா அவளைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. கண்ணை மூடினாள். தலை தொங்கி நிமிர்ந்தது.

"என் உயிரினும் மேலானவளே!" என்று இடித்தது. கூட்டத்தில் பெண்கள் விசும்ப ஆரம்பித்தார்கள்.

அவளுக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. பழைய பொய்யே வந்திருக்கிறது. ரகசியம் பத்திரமாக இருக்கிறது. இந்தக் குரலுக்கு அவள் எதுவும் சொல்லப் போவதில்லை. வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் தானாக ஓய்ந்து எழுந்து போவார்கள்.

"நான் உன்னிடம் வந்தது..." என்று தொடங்கிய இடி பாதியில் நின்றது. மீடியம் அம்மாவின் தாடை இடது பக்கமாக இழுத்துக்கொண்டது. ஒரு கண் மூடியது. கழுத்தில் நரம்பு எழுந்தது. உதடுகள் ஒட்டிக்கொண்டு, பிரிய முடியாமல் நடுங்கின. சத்தம் இல்லை. வெறும் காற்று முட்டியது. உதடு ஒரு முறை பிரிந்து, "ம..." என்று ஒரு துண்டு விழுந்து, மறுபடி ஒட்டிக்கொண்டது.

நான் சொன்னதை வைத்து நடிக்கிறாள் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே பார்வை கீழே போனது. மீடியம் அம்மாவின் வலது கட்டைவிரல் தொடையில் அழுந்தி, மேலும் கீழுமாகப் புடவையைத் தேய்த்துக்கொண்டிருந்தது. வார்த்தை சிக்கும்போதெல்லாம் அவர் அப்படித்தான் தேய்ப்பார். அந்த இடத்தில் அவருடைய பேன்ட் சீக்கிரம் நைந்துபோகும், அவள்தான் உள்பக்கம் துணி கொடுத்துத் தைப்பாள். இதை நேற்று சொன்னேனா? எத்தனையோ சொன்னாள். அழுதுகொண்டு சொன்னதில் எது சொன்னது, எது சொல்லாதது? சொல்லவில்லை என்று தோன்றியது. சொல்லியிருப்பேன் என்றும் தோன்றியது. யோசிக்க யோசிக்க எல்லாம் குழம்பியது.

"ம... ம..."

அந்தத் திணறலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் ஆகவில்லை. எந்தக் காலத்திலும் ஆனதில்லை. கடைக்காரரிடம், வாடகை கேட்டு வரும் ஓனரிடம், பஸ்ஸில், அவர் சிக்கிக்கொண்டு நின்றபோதெல்லாம் அந்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தது இவள்தான். அது மனைவியின் வேலை என்று நினைத்தாள். சில சமயம் தப்பான வார்த்தையைக் கொடுத்துவிடுவாள். அவர் இல்லை என்று தலையை ஆட்டப் பார்ப்பார், அப்புறம் அலுத்துப்போய் அதையே ஒப்புக்கொள்வார். இருபது வருஷமாக உபயோகம் இல்லாமல் கிடந்த அந்தப் பழக்கம், யாரையும் கேட்காமல் அவள் வாயைத் திறந்தது.

"மன்னிச்சிடு," என்று எடுத்துக் கொடுத்தாள்.

மைக்கில் அது அரங்கம் முழுக்கக் கேட்டது.

கூட்டம் எழுந்து நின்றது. மன்றத் தலைவர் மைக்கைத் தன் வாய்க்கு இழுத்துக்கொண்டு கத்தினார்: "அண்ணியே மன்னிப்பு கேட்டுட்டாங்க! அண்ணன்கிட்ட அண்ணி மன்னிப்பு கேட்டுட்டாங்க! அண்ணன் பேச முடியாம அழுதாரு, பாத்தீங்கல்ல? தொண்டை அடைச்சுப்போச்சு அண்ணனுக்கு!"

"இல்லீங்க, நான் கேக்கல, நான்..." என்றாள். மைக் அவளிடம் இல்லை. முன்வரிசையில் ஒரு பெண், "எவ்வளவு பெரிய மனசு அண்ணனுக்கு, தப்புப் பண்ணினவளையும் தேடி வந்தாரே," என்று பக்கத்துப் பெண்ணின் தோளில் சாய்ந்து அழுதாள். தப்புப் பண்ணினவள். ஒரு வார்த்தையில் கணக்கு தலைகீழாகிவிட்டது. மறுத்துச் சொல்ல வேண்டுமென்றால் அவருக்குத் திக்கும் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தம்பி மனைவி மேடை ஏறி வந்து அவளைக் கட்டிக்கொண்டு, "இத்தனை நாளா மனசுல வெச்சுப் புழுங்கிட்டிருந்தீங்களாக்கா," என்றாள். அவள் தோளுக்கு மேல் பார்த்தபோது மீடியம் அம்மாவின் தாடை நேராகியிருந்தது. கட்டைவிரல் தொடையில் சும்மா கிடந்தது.

மீடியம் அம்மா கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டு, "போயிட்டாரு. சாந்தியாப் போயிட்டாரு. இனிமே வரமாட்டாரு," என்றாள். அரங்கம் ஆர்ப்பரித்தது.

ஆல்டரேஷன் அக்கா கூட்டத்தில் முட்டி மோதி, மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறைக்குப் போனாள். மீடியம் அம்மா தனியாக உட்கார்ந்து காலை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"கட்டைவிரல் பத்தி நான் சொன்னேனா?" என்று கேட்டாள் இவள், மூச்சிரைக்க. "நேத்து உங்க வீட்ல, தொடையைத் தேய்ப்பாருன்னு சொன்னேனாம்மா? யோசிச்சுச் சொல்லுங்க."

"எந்தக் கட்டைவிரல்?"

"இப்ப நீங்க தேய்ச்சீங்களே, மேடையில."

மீடியம் அம்மா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனக்கு எதுவும் ஞாபகம் இருக்காதுன்னு சொன்னேனே. நேத்து நீங்க ரொம்ப நேரம் பேசினீங்க. விரல் பத்திச் சொன்னீங்களோ என்னவோ. சொல்லியிருப்பீங்க."

"நான் சொல்லலைன்னா?"

மீடியம் அம்மா குனிந்து மறுபடி காலை நீவ ஆரம்பித்தாள். இவள் அப்படியே தரையில் மண்டியிட்டாள், பேன்ட் அளக்க உட்காருவது போல. மீடியம் அம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை கூப்பிடுங்கம்மா. இப்பவே. யாரும் வேணாம், மைக் வேணாம், நாம ரெண்டு பேர் மட்டும் போதும்."

"எப்படிம்மா கூப்பிடறது? சாந்தியாயிட்டாரு, இனிமே வரமாட்டாருன்னு அத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டேன். நான் கண்ணை மூடினாலும் என்ன வரும்னு எனக்கே தெரியாது." மீடியம் அம்மாவின் குரல் சுத்தமாகக் கம்மிப்போயிருந்தது. அவளும் அழுதுவிடுவாள் போலிருந்தது. "எழுந்திரிங்க. கேக்க வேண்டியதைத்தான் கேட்டாச்சே. இன்னும் என்ன கேக்கணும் அவர்கிட்ட?"

"ஒண்ணும் கேக்க வேணாம்மா. அவர் எதையோ சொல்ல வந்தாரு. சொல்லி முடிக்கட்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்ல, நான் வாயே தொறக்க மாட்டேன்."